டெபோரா மேடம் சொன்ன இடம்

ஜூலை 8, செவ்வாய்

இன்றும் ஜெபத்தோடுதான் அலுவலகம் தொடங்கியது. எஸ்ரா சார் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இன்னைக்கு எங்களைத் தேடி வாற பிள்ளைகளை நல்ல தேசங்களுக்கு வழிநடத்தும்" என்றார். ஆமென் சொன்ன வாய் மூடவில்லை, அதற்குள் என் பக்கம் திரும்பினார்.

"லாட்வியா காலேஜ்ல இன்னும் சீட்டு கெடக்கு டெபோரா. ஒரு கட்டுரை போடு. படிக்கப் போன எடத்துல சுத்திப் பாக்கதுக்கு யாருக்கும் தெரியாத எடங்கள்னு. நேர்ல போய்ப் பார்த்த மாதிரி இருக்கணும்."

நேரில் போய்ப் பார்த்த மாதிரி! முப்பத்தாறு வயதில் நான் பார்த்த தூரதேசம் மதுரை விமான நிலையம். அதுவும் வெளியே நின்று. எம்.ஏ. ஆங்கிலம், எட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கத்திய தொண்டை. இப்போது சங்கரன்கோவிலில், ராஜபாளையம் சாலையில் மருந்துக்கடைக்கு மேலே உட்கார்ந்து, ஊர்ப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக விமானம் ஏற்றுகிறேன். எனக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. போகிறவர்கள் ஒருவரையும் பிடிக்கவில்லை. இதை இங்கே தவிர வேறு எங்கே எழுத?

ஜூலை 10

எழுதிவிட்டேன். கூகுள் வரைபடத்தில் கல்லூரிக்குக் கிழக்கே ஒரு நீலத் துண்டு தெரிந்தது. ஏரி. அதற்கு ஒரு மரப்பாலம் போட்டேன். அக்கரையில் ஒரு குடும்பத்தை உட்காரவைத்துச் சூடான ரொட்டி விற்கச் சொன்னேன். இன்னும் மூன்று இடங்கள், அதே கைவரிசை. கடைசியில், "பெண்கள் தனியாகச் செல்லவும் மிகப் பாதுகாப்பான இடங்கள்." அந்த வரி எஸ்ரா சாருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அப்பா இரவுச் சாப்பாட்டின்போது சத்தமாக வாசித்தார். புவியியல் வாத்தியார், ஓய்வு பெற்றும் வாத்தியார்தான். "லாட்வியா, தலைநகர் ரீகா" என்று ஆரம்பித்து, பாலம் வந்ததும் வாசிப்பதை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார். "ரொட்டி வாசம் இங்க வரைக்கும் வருதே மக்கா." ஞாயிற்றுக்கிழமை சபையில் நாலு பேரிடமாவது காட்டுவார். காட்டட்டும்.

ஜூலை 23, புதன்

திருவேங்கடம் சாலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். அம்மா கோமதித்தாய். ஆடு மேய்க்கிற குடும்பம். மகள் கோகிலா, பி.எஸ்ஸி. முடித்துவிட்டாள், சுற்றுலா மேலாண்மை படிக்கவேண்டுமாம். என் கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்திருந்தாள். சில வரிகளுக்கு அடியில் கோடு வேறு.

அம்மாக்காரிக்கு விருப்பமே இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "அத்துவானத்துல கொண்டுபோயி ஒத்தப் பொம்பளப்புள்ளய விடச் சொல்லுதா" என்று என்னிடம் மகளைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோகிலா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க அங்கன போயிருக்கீகளா மேடம்?"

எஸ்ரா சார் என் பின்னால் நின்றார். அவர் செருப்பு தரையில் ஒருமுறை உரசியது.

"போயிருக்கேன்."

"எப்பம்?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னால."

"ஒத்தையிலயா?" இது கோமதித்தாய்.

"ஒத்தையிலதான்."

கோமதித்தாய் நாற்காலியை விட்டு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒன்னப்போல ஒருத்தி போயிட்டு முழுசா வந்திருக்கா. அப்பம் சரிதான் தாயி. நாங்க அனுப்புதோம்."

அவர்கள் போனதும் கழுவுமிடத்துக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஆட்டு வாடை. எஸ்ரா சார் வெளியே நின்று, "அருமையா பேசுன" என்றார்.

ஆகஸ்ட் 7

ஆடித்தபசு. கோவில் திருவிழாவுக்கு அலுவலகம் விடுமுறை. ஊர் முழுக்கத் தலை. ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக்கிடந்தேன்.

செப்டம்பர் 12

கோகிலா போய்விட்டாள். மதுரையில் வழியனுப்பிய படத்தை எஸ்ரா சார் அலுவலகக் குழுவில் போட்டிருக்கிறார். அப்பன் ஆறுமுகச்சாமி வேட்டியைத் தழைத்துவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறார். கோமதித்தாய் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருக்கிறாள். நடுவில் கோகிலா சிரிக்கிறாள். அவள் சிரிப்பில் என்ன குறை என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 21

கோகிலாவிடமிருந்து செய்தி. "மேடம், நீங்க எந்த விடுதில தங்குனீக?"

ஆற்றங்கரைப் பக்கம் என்று பதில் போட்டேன்.

"ஆறு எங்கன இருக்கு?"

போனை அணைத்துவிட்டேன். அனுப்பிவைத்த பிறகும் தொல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது குரல்செய்தி. கோகிலா. சபை வாசலில் நின்று, காதோடு ஒட்டிவைத்துக் கேட்டேன். கேட்டதை அப்படியே எழுதிவைக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

"மேடம், நேத்து ஒங்க ஏரிக்குப் போனேன். வேலி போட்டிருக்கு. அது ஒருத்தன் சொந்த நெலம். உள்ள நாய் கெடக்கு. பாலம் இல்ல. கோரைதான் மண்டிக் கெடக்கு. வாரப்போ சனிக்கிழம பஸ்ஸு இல்லைன்னுட்டான். மழை. நடந்தேன். ஒரு காரு பக்கத்துல வந்து நின்னுச்சு. போச்சு. திரும்பி வந்து நின்னுச்சு. நான் ரோட்ட விட்டுக் காட்டுக்குள்ள எறங்கி மரத்துக்குப் பின்னால குத்தவச்சு இருந்தேன் மேடம். கார் போற வரைக்கும் மூச்சு விடல. நீங்க சொன்ன ரொட்டிக்காக."

யார் அவளைத் தனியாகப் போகச் சொன்னது?

சரி. நான்தான் சொன்னேன். கட்டுரையின் கடைசி வரி.

ஆனாலும் மூளை வேண்டாமா? மழையில், பஸ் நேரம் கூட விசாரிக்காமல்... பருவம் மாறியிருக்கும், நான் போனது கோடைக்காலம் என்று எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"பாலம் பருவத்துக்குப் பருவம் மொளைக்குமா மேடம்? நீங்க இங்க வந்ததே இல்ல."

அக்டோபர் 12

வீடியோ போட்டிருக்கிறாள். தலைப்பு: 'டெபோரா மேடம் சொன்ன இடம் - ஒண்ணு.'

வேலிக்கு வெளியே நின்று பேசுகிறாள். மூக்கு சிவந்திருக்கிறது. "சங்கரன்கோவில்ல எங்க மேடம் ஒருத்தங்க இருக்காங்க. நல்லா எழுதுவாங்க. அவுக சொன்ன மரப்பாலம் இந்தா, இங்கன இருக்கணும். எனக்குக் கண்ணு தெரியல போல. ஒங்களுக்குத் தெரியுதா?" என்று போனைக் கோரைப்புல்லின் மேல் மெதுவாகச் சுற்றுகிறாள். பிறகு ஒரு நாய் குரைக்கிறது. "இது ரொட்டிக்காரன் வீட்டு நாயி."

அவ்வளவுதான். ஊரே பார்த்துவிட்டது.

அக்டோபர் 15

பேருந்து நிலையத்துப் பழச்சாறு கடையில், முன்பின் தெரியாத ஒருவன், "மேடம், ரொட்டி சூடா இருக்கா?" என்றான். கூட நின்றவர்கள் இளித்தார்கள். பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவள் பாட்டுக்கு நடுவே தோள் குலுங்கச் சிரிக்கிறாள்.

அதெல்லாம் போகட்டும். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிறேன், அப்பா கூடத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. என்னைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"ஒங்களுக்குமா அப்பா?"

"இல்ல மக்கா... அந்த நாயி கொலைச்ச நேரம் இருக்கே..." மறுபடியும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

சாப்பிடாமல் படுத்தேன். ஆட்டுக்காரி மகள் என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அக்டோபர் 20

தீபாவளி. தெருவெல்லாம் வெடி. நான் இன்று ஒரு காரியம் செய்தேன். வேறு பெயரில் ஒரு கணக்கு திறந்து அவள் வீடியோவுக்குக் கீழே எழுதினேன்: 'ஆட்டுக்கிடையில் வளர்ந்தவளுக்கு அயல்நாட்டின் அழகு எங்ஙனம் புரியும்? உன்னை உயர்த்தியவர்களையே இழிவுசெய்ய எத்தனிக்கிறாய்.'

நன்றாக இருந்தது. எழுதி முடித்ததும் உடம்பே லேசானது போல இருந்தது.

அக்டோபர் 21

அதை எல்லோருக்கும் மேலே தெரியும்படி ஒட்டிவைத்திருக்கிறாள். கீழே அவள் பதில்: "மேடம், எங்க ஊர்ல 'எத்தனிக்கிறாய்'னு எழுதுற ஆளு ஒரு ஆள்தான். தீபாவளி வாழ்த்துகள்."

அந்தக் கணக்கை அழித்தேன். அதற்குள் எத்தனை பேர் படம் பிடித்து வைத்திருப்பார்களோ. ஆட்டுக்கிடை என்று எழுதியதை அப்பாவும் வாசித்திருப்பார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ஐந்தாவது வீடியோ. நான் எழுதிய இடங்கள் தீர்ந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் போய், எல்லாவற்றையும் பொய் என்று காட்டிவிட்டாள். இனி வாயை மூடுவாள் என்று நினைத்தேன்.

இன்றைக்கு அவளாகவே ஒரு இடம். வண்டி நிற்காத ஒரு பழைய ரயில் நிலையம். பலகையில் எழுத்து உதிர்ந்திருக்கிறது. பின்னால் ஒரு கொட்டகையில் ஒரு கிழவனும் அவன் மருமகளும் மீனைக் கம்பியில் கோத்துப் புகை போடுகிறார்கள். கோகிலாவுக்கு அவர்கள் பாஷை தெரியாது, அவர்களுக்கு இவள் பாஷை தெரியாது. அவள் பாட்டுக்கு, "எங்க ஊர்ல கருவாடு வெயில்ல போடுவோம், நீங்க புகையில போடுதீகளா?" என்று தமிழிலேயே கேட்கிறாள். அந்த மருமகள் ஒரு மீனை உரித்து இவள் வாயில் வைக்கிறாள். பிறகு கோகிலா சொல்கிறாள்: "இங்க வாரதுக்குக் கடைசி ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும். கழிப்பறை கெடையாது. பொட்டப்புள்ளைக ரெண்டு பேராச் சேந்து வாங்க. ஒத்தையில வராதீக. நான் வந்தது தப்பு."

மூன்று தடவை பார்த்தேன்.

இந்த இடத்தை நான் எழுதியிருந்தால் புகையை எழுதியிருப்பேன். கழிப்பறை இல்லை என்பதை எழுதியிருக்க மாட்டேன். அவள் பேச்சில் இலக்கணம் கிடையாது, ஒரு அழகான வார்த்தை கிடையாது. ஆனாலும் அந்தக் கொட்டகையில் நிற்க வேண்டும் போல் இருக்கிறது எனக்கு. அதற்காகவும் அவளை வெறுக்கிறேன்.

நவம்பர் 19

லாட்வியாவுக்குப் பதிவு செய்திருந்த இரண்டு குடும்பங்கள் பின்வாங்கிவிட்டன. எஸ்ரா சார் மேசையைக் குத்தினார். ஜெபம் முடிந்த கையோடுதான்.

"அவ வாய அடைக்கணும். அவ அம்மையும் அப்பனும் சொன்னாக் கேப்பா. ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சு ரெண்டு பேரும் போவோம். நீதான் பேசணும். ஒன்னத்தான் அந்த அம்மா நம்புது."

வருகிறேன் என்றேன். கட்டாயப்படுத்தியதால் அல்ல. எனக்கே போகவேண்டும் என்று இருந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

போய்விட்டு வந்தோம். எஸ்ரா சார் காரில். சபைக்குக் கட்டின பட்டுப்புடவையோடு நான். அறுப்பு முடிந்த வயலில் கிடை போட்டிருந்தார்கள். முன்பு இருந்ததில் பாதி ஆடுகூட இல்லை என்று கோமதித்தாய் பேச்சுவாக்கில் சொன்னாள். ஏன் இல்லை என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தெரியும்.

எஸ்ரா சார் தன் போனில் வீடியோக்களை அவளுக்குப் போட்டுக் காட்டினார். அவளிடம் இருப்பது பொத்தான் போன். இதையெல்லாம் அவள் பார்த்ததே இல்லை. மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "மெலிஞ்சிட்டாளே" என்றாள். பேசுவது காதில் ஏற ஏற முகம் மாறியது.

எஸ்ரா சார் சொன்னார்: "வெளிநாட்டுல போயி ஒரு நிறுவனத்தப் பத்திப் பொய் பரப்புனா சும்மா விடமாட்டான். போலீஸ் பிடிச்சு அப்படியே பிளைட்ல ஏத்திருவான். படிப்பும் போச்சு, எல்லாம் போச்சு."

கம்பை ஊன்றி நின்ற ஆறுமுகச்சாமி, "ஆட்டப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். கோமதித்தாய் மட்டும் என்னைப் பார்த்தாள். கையைப் பிடிக்கவில்லை இந்த முறை.

"எம் மவ பொய் சொல்லமாட்டா. ஆனா அவ சொல்லுதது நெசம்னா நீ பொய் சொன்னவன்னு ஆகும். எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீயே சொல்லு தாயி. நீ அங்கன போனியா, போகலியா?"

ஒரு ஆட்டுக்குட்டி என் புடவைக் கரையைக் கடித்துக்கொண்டிருந்தது. அதைத் தள்ளிவிட்டேன்.

"போனேம்மா. நான் போனப்போ பாலம் இருந்துச்சு. அவளுக்கு எம் மேல ஏதோ கோவம்."

அவள் தலையை ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு எஸ்ரா சார் போனில் மகளைக் கூப்பிடச் சொன்னாள். கோகிலா எடுத்ததும் இவள் ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை. "படிக்கப் போனியா, பழி சுமத்தப் போனியாட்டி? அந்தப் புள்ள ஒத்தையில போயிட்டு வந்தவ, அவளப் போயி! ஒங்கப்பன் ஆட்ட வித்தது இதுக்கா? அழிச்சுப் போடு எல்லாத்தயும். இல்லன்னா இனி எங்கிட்டப் பேசாத."



நவம்பர் 25

எல்லா வீடியோவையும் எடுத்துவிட்டாள். ஜெயித்துவிட்டேன்.

டிசம்பர் 4

எஸ்ரா சார் கேக் வாங்கி வெட்டினார். ஒரு துண்டை எனக்கு ஊட்டவும் பார்த்தார். தள்ளிப்போனேன்.

"ஒரு யோசனை. 'டெபோரா மேடம் சொன்ன இடம்' - இந்தப் பேரு ஏற்கெனவே ஊருக்குள்ள பரவிட்டு. செலவே இல்லாம வெளம்பரம். நாமளே எடுத்துக்கிடுவோம். ஒம் படத்தப் போட்டுப் பெரிய பிளெக்ஸ்!"

சிரிக்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா என்று பார்த்தேன். நிஜம்.

கோகிலாவின் வீடியோப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. வெறும் சாம்பல் நிறம். தினமும் திறந்து பார்க்கிறேன். எதற்கு?

டிசம்பர் 16

பேருந்து நிலையத் திருப்பத்தில் நான் நிற்கிறேன். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. தோலாடை போட்டிருக்கிறேன், கழுத்தில் கம்பளித் துண்டு. பின்னால் ஏரி. ஏரியின் மேல் மரப்பாலம் — செய்தே விட்டார்கள். 'ஒற்றையில் சென்று வந்த உங்கள் வழிகாட்டி.'

காய்கறி வாங்கப் போன அப்பா அதற்கு அடியில் நின்றுகொண்டிருந்தார். நான் ஸ்கூட்டியில் வந்ததைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் அண்ணாந்து பார்த்தார். நான் பக்கத்தில் போனதும் என் முகத்தையும் பார்த்தார், மேலே இருந்த முகத்தையும் பார்த்தார்.

"நீ எப்பம் மக்கா போன?"

கேலி இல்லை. வகுப்பில் தப்பான விடை சொன்ன பிள்ளையிடம், எங்கே தப்பு என்று அதுவே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுப் பொறுமையாகக் கேட்பாரே, அந்தக் குரல். பையை வாங்கி வண்டியில் மாட்டினேன்.

டிசம்பர் 22, திங்கள்

ஜாய்லின் வந்தாள். எங்கள் சபைப் பெண். ஞாயிறு பள்ளியில் என் கண்முன்னால் வளர்ந்தவள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிளெக்ஸைப் பார்த்துத்தான் வந்தார்களாம்.

"அக்கா போன ஊருதானே, அப்பம் பயமில்ல" என்றாள் அவள் அம்மா.

"நானும் ஒங்களப்போல ஒத்தையிலயே எல்லா எடமும் சுத்துவேங்க்கா" என்றாள் ஜாய்லின்.

மரத்துக்குப் பின்னால குத்தவச்சு இருந்தேன் மேடம். மூச்சு விடல.

அந்தக் குரல் காதுக்குள் வந்துவிட்டது. விண்ணப்பத்தை எடுத்துவருகிறேன் என்று சொல்லி எழுந்தவள், படியிறங்கி, மருந்துக்கடையைத் தாண்டி, சாலைக்கே வந்துவிட்டேன். எஸ்ரா சார் போனில் மூன்று முறை கூப்பிட்டார். தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்தேன்.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். சபைக்குப் போகவில்லை. இருபது வருடத்தில் முதல் முறை.

டிசம்பர் 27, சனி

தனியாகப் பேருந்தில் போனேன். சாதாரணப் புடவை. கோமதித்தாய் வீட்டு வாசலில் புண்ணாக்கு உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "வா தாயி" என்றாள். அந்தத் 'தாயி' கடைசி என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

நின்றபடியே சொன்னேன். "நான் போகலம்மா. அந்த ஊருக்குப் போகல. எந்த நாட்டுக்கும் போனதில்ல. ஒங்க மக சொன்னதுதான் நெசம்."

அவள் கையில் இருந்த புண்ணாக்குத் துண்டை வீசினாள். என் தோளில் பட்டது. அடுத்ததும் பட்டது. நான் நகரவில்லை. பிறகு எழுந்து வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன்; அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எம் புள்ளய என் வாயாலயே ஏசவச்சியேட்டி! ஒரு மாசமா அவ எங்கிட்டச் சரியாப் பேசல. சாப்ட்டியான்னு கேட்டா, ம்-ங்கா. எதுக்கு இம்புட்டு வஞ்சம் ஒனக்கு? நாங்க ஒனக்கு என்ன செஞ்சோம்?"

என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. அவள் மகள் போனாள், நான் போகவில்லை. அதை எப்படி ஒருத்தியிடம் சொல்வது?

ஆறுமுகச்சாமி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். "தண்ணி குடுக்காத அவளுக்கு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"எங்கிட்டச் சொல்லி என்ன? எம் மவகிட்டச் சொல்லு. போன் போடு" என்றாள் கோமதித்தாய்.

கோகிலா எடுக்கவில்லை. "திரும்பப் போடு." எடுக்கவில்லை. "போட்டுக்கிட்டே இரு." எத்தனையாவது முறையோ எடுத்தாள். என் கையில் இருந்து போனைப் பிடுங்கித் தன் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, "அம்மைய மன்னிச்சிருட்டி" என்று சொல்லி, மேலே பேச முடியாமல் அழுதாள் கோமதித்தாய். அந்தப் பக்கமும் அழுகை. நான் வாசலில் சிதறிய புண்ணாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு கோகிலாவின் குரல். "அந்த ஆளு பக்கத்துல இருக்காகளா? போனக் குடும்மா."

"கோகிலா, நான்..."

"ஒங்க மன்னிப்பு எனக்கு வேண்டாம் மேடம். நான் மன்னிக்கவும் மாட்டேன். ஊருல எத்தன பேரு இன்னும் வாராக?"

"எட்டு பேரு. சபைப் புள்ள ஒண்ணும் இருக்கு."

"அப்பம் அவுகளுக்குச் சொல்லுங்க. இப்பம், இங்கனயே. எங்க அம்மா பக்கத்துல நின்னு பேசி எனக்கு அனுப்புங்க. எழுதி வாசிக்காதீக. ஒங்க எழுத்து எனக்கு வேண்டாம்."

கோமதித்தாய்க்குப் போனைப் பிடிக்கத் தெரியவில்லை. ஆறுமுகச்சாமி வந்து வாங்கி, ஆடு தண்ணீர் குடிக்கும் தொட்டிச் சுவர்மேல் செங்கலில் சாய்த்து வைத்தார். நான் பேசினேன். "என் பேர் டெபோரா. நான் லாட்வியாவுக்குப் போனதில்லை. அந்தப் பாலம் இல்லை. ரொட்டி இல்லை. நான் உட்கார்ந்த இடத்தில் எழுதினேன். அதை நம்பிப் போன பிள்ளை மழையில் காட்டுக்குள் ஒளிந்து கிடந்தாள். பேருந்து நிலையத்தில் இருக்கும் படமும் பொய்." நடுவில் ஒரு ஆடு கத்தியது. நிறுத்திவிட்டு மறுபடியும் பேசினேன். அவ்வளவுதான் சொல்ல இருந்தது. இத்தனை நாள் இதைச் சொல்லாமல் இருக்கத்தான் எவ்வளவு வார்த்தைகள் செலவழித்திருக்கிறேன்.

பேருந்து வரும்வரை சாலையில் நின்றேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

டிசம்பர் 29

நான் பேசியதைக் கோகிலா நேற்றே ஊர் பார்க்கப் போட்டுவிட்டாள். காலையில் அலுவலகம் போனேன். என் மேசை காலியாக இருந்தது. எஸ்ரா சார் ஜெபம்கூடப் பண்ணவில்லை. "ஒரே சபைன்னு பாத்து வேலை குடுத்தேன். நீ என் வாயில மண்ணைப் போட்டுட்ட" என்றார். அதன்பிறகு சொன்னவை எழுதக்கூடிய வார்த்தைகள் அல்ல.

"ஒங்க வாயில நான் போடல. அது ஏற்கெனவே இருந்தது" என்றேன். இது ஒன்று மட்டும் நன்றாக வந்தது.

ஜனவரி 9

பிளெக்ஸில் என் முகத்தின் மேல் வேறு ஒருத்தியின் முகத்தை ஒட்டியிருக்கிறார்கள். ஏரியும் பாலமும் அப்படியே இருக்கின்றன.

ஐந்து குடும்பங்கள் விலகிவிட்டன என்று கேள்வி. ஜாய்லின் விலகவில்லை. அவள் அம்மா சபை வாசலில் என்னை நிறுத்தி, "நீ போகலங்கிறதுக்காக எம் மவ போகக்கூடாதா? பொறாம பிடிச்சவ!" என்றாள், எல்லோருக்கும் கேட்க. முழுப் பொய் என்று சொல்ல முடியவில்லை. ஜாய்லினைத் தனியாகப் பிடித்து, கோகிலாவின் எண்ணைக் கொடுத்தேன். போய் இறங்கியதும் முதலில் அவளைப் பார் என்றேன். வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

மத்தியானம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் கோமதித்தாய். நெற்றியில் கோவில் குங்குமம், கையில் தேங்காய்மூடி. என்னைத் தாண்டி உள்ளே பார்த்து அப்பாவிடம் பேசினாள்.

"அண்ணாச்சி, எம் மவ மறுபடியும் படம் போடுதாளாம். எங்கிட்ட இருக்க போன்ல வராது. எங்க ஊர்ல எவங்கிட்டப் போனாலும் பாத்துக்கிட்டே கேலி பேசுதான். இந்தப் பாவத்தச் செஞ்சவதான் காட்டணும். அதுதான் நியாயம்."

அப்பா நாற்காலி போட்டார். அவள் அதில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள். நான் எதிரே உட்கார்ந்து போனைப் பிடித்தேன். அவள் என் பக்கம் ஒருமுறையும் பார்க்கவில்லை. அப்பா போட்டுக் கொடுத்த காபியைக் குடித்தாள். நான் நீட்டியிருந்தால் குடித்திருக்க மாட்டாள்.

பிப்ரவரி 20

ஒவ்வொரு வெள்ளியும் வருகிறாள். அப்பாவுக்கு இப்போது அந்த நாட்டில் அரைவாசி தெரியும். வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு அவளுக்குச் சொல்கிறார். என்னிடம் அவள் பேசுவது இரண்டே வார்த்தை. "போனைப் போடு."

பிள்ளைகள் நாலு பேருக்கு வீட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பொழுது போகிறது. அவர்களையும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

அப்பா தென்காசி போயிருக்கிறார், ஒரு கல்யாணத்துக்கு. அண்ணாச்சி இல்லை என்று தெரிந்ததும் கோமதித்தாய் வாசலிலேயே கொஞ்சம் நின்றாள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தாள். காபியைத் தரையில் வைத்தேன். தொடவில்லை.

புது வீடியோ. பனி உருகுகிற ஒரு ஆற்றங்கரை. கரையெல்லாம் சேறு. கோகிலாவோடு, போன மாதம் போய்ச் சேர்ந்த ஜாய்லினும் இருக்கிறாள், காலணி சேற்றில் மாட்டிக்கொண்டு சிரிக்கிறாள். பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று இடித்து நகருகிற சத்தம், தறி ஓடுகிற தெருவில் கேட்கிற மாதிரி, விடாமல். "இந்த எடத்துப் பேரச் சொல்லமாட்டேன்" என்கிறாள் கோகிலா. "சொன்னா எவளாவது ஒக்காந்து எழுதிப்புடுவா."

எனக்குத்தான் அது. வாங்கிக்கொண்டேன்.

கோமதித்தாய் குனிந்து, திரையில் மகள் முகத்துக்கு அருகே விரலைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டாள்.

"இது எந்த ஊரு?"

அப்பாவிடம் கேட்கிற பழக்கத்தில் கேட்டுவிட்டாள். பதில் சொல்ல ஆள் நான்தான் இருந்தேன். ஆறு, பனி, கிழக்குப் பக்கம், எல்லை — ஒரு பெயர் நாக்கு நுனி வரை வந்தது. சரியாகக்கூட இருந்திருக்கலாம்.

"தெரியலம்மா."

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். டிசம்பருக்குப் பிறகு முதல் தடவை. கோபமாகத்தான் பார்த்தாள். ஆனால் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னொருக்கா போடு" என்றாள்.

போட்டேன். பாதியில் காபி டம்ளரை எடுத்தாள்.